ஏரி மீனும் வளர்ப்பு மீனும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையைச் சூழ்ந்த வட்டாரம் ஏரிப்பாசன பூமி. இங்கே மீன் என்பது நெடுங்காலம் விரால், கெளுத்தி, அயிரைதான். கோடையில் நீர் வற்றும்போது பிடிப்பார்கள். யாரும் குஞ்சு விட்டு வளர்த்ததில்லை. ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவதைப் ‘பாசிக் குத்தகை’ என்பர். பழங்காலத்தில் அந்த வருவாயில் ஏரியைத் தூர்வாரியதும் உண்டு. இன்று மறந்துபோன நல்ல ஏற்பாடு அது.

1958இல் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை வந்தது. கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகள் அதற்குள் தெற்கே பழகியிருந்தன. ஆனால் இவை தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. அதனால் அப்போது குஞ்சுகளை ஆற்றில்தான் அரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1957இல் ஒடிசாவில் மீனியல் ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி முட்டையிட வைத்த பிறகே குஞ்சு உற்பத்தி பண்ணைக்கு வந்தது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். ஒரே குளத்தில் மூன்றும் சண்டையின்றி வளரும்.

எல்லா வரவும் நல்வரவல்ல. 1952இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா, நம்மூரில் ஜிலேபிக் கெண்டை, ஏரிகளை நிறைத்து நாட்டு மீன்களை ஒடுக்கியது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000இல் தடை வந்தது. கள்ளத்தனமான வளர்ப்பு நின்றபாடில்லை.

மீன் வளர்ப்பைப் பதின்வயதினருக்குச் சொல்லித்தரும்போது மீனின் தீனியிலிருந்து தொடங்கலாம். கெண்டைக்குத் தவிடும் புண்ணாக்கும் போதும். இறால் தீவனத்துக்கோ கடலின் சிறுமீனை அரைத்த தூளும் வேண்டியிருக்கிறது.