இரவு வெளிச்சமும் தன்னியக்க நரம்புகளும்: நாமக்கல்லின் இரவுப் பணிகளை முன்வைத்து

இரவில் கண்ணில் விழும் நீல ஒளி, உடலை விழிப்பாக வைக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மைதான். அந்த ஒளி பரிவு நரம்பின் ஒரு கிளையை அடக்கி, மற்றொரு கிளையை எழுப்புகிறது; கண்பாவையிலோ, உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்பை இயக்குகிறது. லாரிகளும் விசைத்தறிகளும் இரவெல்லாம் ஓடும் நாமக்கல் மாவட்டத்துக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

விழித்திரையில் கூம்பு, குச்சிச் செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்புச் செல்களும் உண்டு. இவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் எலிகளில் நிறுவினர். ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு இவை மிகுதியாகத் துலங்குகின்றன. இவற்றின் செய்தி ஹைப்போதலாமசிலுள்ள உயிர்க்கடிகார மையத்தை அடைந்து, தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதிக்கு இறங்கி, கழுத்தின் மேல் நரம்பு முடிச்சு வழியாகப் பினியல் சுரப்பிக்கு ஏறுகிறது. இந்தக் கடைசிப் பாதை பரிவு நரம்பாகும். இருளில் அது நார் அட்ரினலினைச் சுரந்து மெலடோனின் என்ற இரவு ஹார்மோனின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது அடங்கிவிடுகிறது.

இதயம் முதலிய மற்ற உறுப்புகளின் கதை வேறு. நீஜிமா குழுவினர் 1992இல் வெளியிட்ட எலி ஆய்வில், ஒளி பட்டபோது பரிவு நரம்புகளின் செயல்பாடு கூடியது, எதிர்ப்பரிவு வகையைச் சேர்ந்த வேகஸ் நரம்பின் செயல்பாடு குறைந்தது. கடிகார மையத்தைச் சிதைத்தபின் இந்த மாற்றங்கள் நிகழவில்லை. மனிதர்களிடம் 2005இல் கஹோஹென் குழுவினர் பின்மாலையில் இரண்டு மணி நேரம் 460 நானோமீட்டர் ஒளியைக் கொடுத்தனர். 550 நானோமீட்டர் பச்சை ஒளியோடு ஒப்பிட்டபோது இதயத் துடிப்பும் விழிப்புநிலையும் கூடின, மெலடோனின் குறைந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் அழுத்தமானது. 100 லக்ஸ் அறை வெளிச்சத்தில் ஒரே இரவு உறங்கியவர்களுக்குத் துடிப்பு உயர்ந்தது, மறுநாள் காலை இன்சுலின் எதிர்ப்பும் கூடியது; மெலடோனின் அளவிலோ வேறுபாடு இல்லை. ஆகவே மெலடோனினை மட்டும் அளந்து ஒளியின் பாதிப்பை முடிவு செய்வது போதாது.

நாமக்கல்லில் ஒளியை மணிக்கணக்கில் அளந்து கொடுக்கும் பழக்கம் கோழிப் பண்ணைகளில் நெடுங்காலமாக உண்டு. ஏறத்தாழ 12 மணி நேரப் பகலோடு விளக்கொளியையும் சேர்த்து, முட்டைக்கோழிகளுக்கு 16 மணி நேர வெளிச்சம் தரப்படுகிறது. ஆனால் கோழியின் இனப்பெருக்க மண்டலத்தைத் தூண்டுவதில் முன்நிற்பது சிவப்பு ஒளி. அது மண்டையோட்டை ஊடுருவி மூளையின் உள்ளிருக்கும் ஒளியுணர் செல்களை எட்டுகிறது. மனிதருக்கு அந்த வழி கிடையாது. கண் ஒன்றே வாசல். கோழி ஷெட்டில் கற்றதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், நேரமும் அளவுமே முதன்மை என்ற பாடம் இரு தரப்புக்கும் பொதுவானது.

சேலம், கரூர் சாலையில் இரவில் ஓடும் லாரியின் கேபினில் இரண்டு வகை நரம்புகளும் ஒருங்கே வேலை செய்கின்றன. எதிரே வரும் வண்டியின் வெள்ளை எல்இடி முகப்பு விளக்கு பெரும்பாலும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசிச் செய்யப்படுவது. ஆகவே ஹாலஜன் விளக்கைவிட அதன் நிறமாலையில் நீலப் பங்கு கூடுதல். ஒளி பட்ட நொடியில் எதிர்ப்பரிவு நரம்பு கண்பாவையைச் சுருக்குகிறது. வலுவான நீல ஒளி நின்ற பிறகும் மெலனாப்சின் செல்கள் அந்தச் சுருக்கத்தைச் சில நொடிகள் பிடித்து வைக்கின்றன. சிவப்பு ஒளிக்கு இப்படி நிகழ்வதில்லை.

நீல ஒளியை ஓட்டுநருக்கு முற்றிலும் பகையெனச் சொல்லவும் முடியாது. பிரான்சில் 2012இல் வெளியான ஆய்வில், இரவில் 400 கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்கு வண்டிக்குள் கொடுத்த 468 நானோமீட்டர் ஒளி, காபிக்கு ஏறக்குறைய இணையாகத் தடுமாற்றத்தைக் குறைத்தது. சிலருக்கு மட்டும் கண் கூசியது. தூங்கி விழும் ஆபத்தோடு ஒப்பிட்டால், ஓட்டும் நேரத்தில் பரிவு நரம்பு விழித்திருப்பது நன்மையே. அந்த விழிப்பு, லோடு இறக்கிவிட்டு அதே கேபினில் படுக்கும்போதும் தொடர்ந்தால் அது தீங்காகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் இரவு ஷிப்ட் முடித்து விடியலில் வீடு திரும்புவோருக்கும் இது பொருந்தும். அறுந்த இழையைப் பார்த்து முடிய அங்கே நல்ல வெளிச்சம் வேண்டும். அதைக் குறைக்கச் சொல்வது நியாயமல்ல. குறைக்க வேண்டியது ஷிப்ட் முடிந்து உறங்கும் அறையின் வெளிச்சத்தை. பகலில் சாளரத்தை அடைக்கும் தடித்த திரையும், படுக்கும் முன் எரியும் மஞ்சள் விளக்கும் அதற்கு உதவும்.