பயணப் பையில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: 1971-ல் வங்காள எல்லையில் தொடங்கிய கதை

1/
விடுமுறை வந்தாச்சு. ஊட்டி, கொடைக்கானல், திருப்பதி, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோட கிளம்பப் போறீங்க. சார்ஜர் எடுத்தாச்சா, ஸ்வெட்டர் எடுத்தாச்சா, குழந்தைக்கு மாத்துத்துணி எடுத்தாச்சா என்று வீடே பரபரப்பா இருக்கும். அந்தப் பையின் ஓரத்தில் ஒரே ஒரு பொருளுக்கு இடம் கேட்கத்தான் இந்தத் திரி.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

2/
"இது தெரியாதா டாக்டர்?" என்று கேட்பீங்க. பேர் எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்தப் பொடி ஏன் இந்த அளவில் இருக்கு, ஏன் இதுல சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே இருக்கு என்ற கதை பலருக்குத் தெரியாது. அது தெரிஞ்சா கடையில் எதை வாங்கணும், எப்படிக் கலக்கணும் என்பது தானாகப் புரிஞ்சிடும். கொஞ்சம் நீளமான கதை. பொறுமையா வாங்க.

3/
1831. வங்காளத்திலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய காலரா, அதாங்க நம்ம ஊர் வாந்திபேதி, பிரிட்டனுக்குள் நுழைந்தது. அன்றைய மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சை என்ன தெரியுமா? ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது! ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து இன்னும் எடுத்தாங்க.

அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வில்லியம் ஓ'ஷானெஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீரும் உப்புகளும் குறைந்திருந்தன. போனதைத் திருப்பிக் கொடுக்கணும் என்றார்.

4/
அடுத்த ஆண்டே, 1832-ல், ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்பு நீரை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். நாம் இன்று "குளுக்கோஸ் ஏத்துறது" என்று சொல்ற விஷயத்தின் தொடக்கம் அதுதான். ஆனால் கிருமி நீக்கம் என்ற கருத்தே இல்லாத காலம். யோசனை பல பத்தாண்டுகள் கிடப்பில் போனது.

5/
இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அதை மீண்டும் கையில் எடுத்தார். காலரா மரணங்கள் கணிசமாகக் குறைந்தன. 1960-களில், சரியாக டிரிப் ஏற்றினால் காலராவில் கிட்டத்தட்ட யாரும் சாகத் தேவையில்லை என்ற நிலை வந்துவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். டிரிப்புக்கு ஊசி வேணும், கிருமி நீக்கிய பாட்டில் வேணும், பயிற்சி பெற்ற ஆள் வேணும். காலரா வர்றதோ இது எதுவுமே இல்லாத இடத்துக்கு.

6/
சரி, வாய் வழியாகவே கொடுத்தால் என்ன?

அங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே நின்றது. பேதியில் குடல் கெட்டுப்போயிருக்கும், குடிக்கிறதெல்லாம் வெளியேதான் போகும், குடலுக்கு ஓய்வு கொடுக்கணும் என்று மருத்துவர்களே நம்பினாங்க. "வயித்தால போகுது, தண்ணி குடுக்காதே" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க இல்லையா? அது அவங்க மட்டும் செய்த தவறு இல்லை.

7/
1953-ல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர், 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்து, புகழ்பெற்ற லான்செட் இதழில் எழுதினார். ஆனால் எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு உள்ளே நின்றது என்ற அளவுக் கணக்கோ, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு குழுவோ அதில் இல்லை. ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கமும் அப்போது கிடையாது. மருத்துவ உலகம் கடந்து போய்விட்டது.

8/
விளக்கம் 1960-ல் வந்தது. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் சொன்னார்: குடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கு. உப்பில் இருக்கும் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது வழிவிடும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

காலரா விஷம் இந்த வாசலை மட்டும் தொடுவதில்லை என்பது பிறகு தெளிவானது. குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும்.

இதை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

9/
1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். வெளியேறுவதை அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தாங்க. டிரிப் பாட்டில்களின் தேவை பெருமளவு குறைந்தது. ஆனால் அது ஆராய்ச்சி மருத்துவமனை, கூடவே நர்ஸ்கள், அளவுக் குவளைகள். "வெளியே, சாதாரண மக்களிடம் இது நடக்காது" என்று சந்தேகப்பட்டவர்கள் பலர்.

10/
1971. கிழக்குப் பாகிஸ்தானில் போர். ஏறத்தாழ 1 கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தாங்க. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகளோடு, மழைக்காலத்தில். முகாம்களில் காலரா வெடித்தது.

எல்லை ஊரான பங்காவுனுக்கு ஜூன் மாதம் ஒரு குழந்தை மருத்துவர் வந்து சேர்ந்தார். பெயர் திலீப் மஹாலனாபிஸ். கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்தவர்.

11/
அங்கே அவர் பார்த்தது: இரண்டே அறைகள். தரை முழுக்க நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் முட்டி போட்டுத்தான் ஒருவருக்கு ஊசி குத்த முடியும். டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

ஒரு அரசு மருத்துவரா இதைப் படிக்கும்போது என் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். கையில் இருப்பது கம்மி, வாசலில் இருப்பவங்க அதிகம். அந்தக் கணக்கு எங்களுக்குப் பழகினது. அவர் பார்த்த அளவில் நாங்க யாரும் பார்த்ததில்லை.

12/
அவர் முடிவெடுத்தார். வாய் வழிக் கரைசல்தான் இனி முதல் சிகிச்சை.

1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. அவ்ளோதான். கல்கத்தா மையத்தின் நூலக அறையில் அளந்து, பாலித்தீன் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்து ஒட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். பொருட்செலவு லிட்டருக்கு 11 பைசா.

13/
கொடுத்தது யார்? இதுதான் கதையின் முக்கியமான இடம்.

நர்ஸ்கள் போதவில்லை. அம்மா, அக்கா, கணவன், யார் கூட வந்தாங்களோ அவங்க கையில் குவளையைக் கொடுத்தார் மஹாலனாபிஸ். "குடிக்கக் குடிக்கக் கொடுங்க." அவ்வளவுதான் பயிற்சி. போரில் வீட்டை இழந்த குடும்பங்கள்தான் தங்கள் ஆட்களைப் பிழைக்க வைத்தார்கள்.

14/
பலன்: சுமார் இரண்டு மாதத்தில் 3,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை. இறந்தவர்கள் 3.6 சதவீதம். டிரிப்பை மட்டும் நம்பி, அதுவும் போதாமல் இருந்தபோது இறப்பு 30 சதவீதம் வரை இருந்தது.

முகாமுக்கு நேரில் வந்து பார்த்த உலக சுகாதார அமைப்பின் திமான் பரூவா, இதை உலகெங்கும் கொண்டு போகப் போராடினார். 1978-ல் அந்த அமைப்பு வயிற்றுப்போக்குக்காகத் தனித் திட்டமே தொடங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று அதே ஆண்டு லான்செட் தலையங்கம் எழுதியது. 25 ஆண்டுக்கு முன் சாட்டர்ஜியின் கட்டுரையைப் போட்ட அதே லான்செட்!

15/
1980-களில் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் பாக்கெட் இல்லாமலே இதைச் செய்ய முயன்றது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: அரை சேர் தண்ணீர், மூணு விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். பத்தாண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்.

பணியாளருக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? பிறகு போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு அளவு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்து! ஏன்னா, அளவுதான் இங்கே மருந்து.

16/
2002-ல் கரைசல் மாற்றியமைக்கப்பட்டது. இப்போது 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சர்க்கரையையும் உப்பையும் குறைத்ததும் வாந்தியும் பேதியும் இன்னும் குறைந்தன.

கவனிங்க. ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்து சர்க்கரையைக் குறைக்கச் சொன்னது.

17/
நம்ம கடைகளில் நடந்தது நேர் எதிர். பேரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொண்டு, சர்க்கரை பல மடங்கு உள்ள பழச்சுவை பானங்கள் மருந்துக்கடையிலேயே விற்றன. 8-ல் சொன்ன வாசலை நினைச்சுப் பாருங்க. ஜோடி சரியா இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். சர்க்கரை மிதமிஞ்சினால் அது குடலில் தங்கி உடம்புத் தண்ணீரை வெளியே இழுக்கும். பேதி கூடும்.

ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் லேபிளைப் படிச்சு வாங்குற பழக்கத்தை விடாதீங்க.

18/
இப்போ உங்க பைக்கு வருவோம். நாலு பேர் குடும்பம், நாலு நாள் பயணம் என்றால்:

உலக சுகாதார அமைப்பின் ஃபார்முலா என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடி, 1 லிட்டர் பாக்கெட் நாலைந்து. அளவு தெரிந்த 1 லிட்டர் பாட்டில் ஒன்று. ஒரு சின்ன ஸ்பூன், ஒரு டம்ளர். குழந்தை இருந்தால் உங்க டாக்டரிடம் கேட்டு ஜிங்க் மருந்து.

காசு பிரச்சினை இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஓ.ஆர்.எஸ். இலவசம். இந்தப் பையை டிக்கியில் பூட்டி வைக்காதீங்க, கைக்கு எட்டுற இடத்தில் வைங்க.

19/
நான் ஓ.பி.யில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று. 1 லிட்டர் பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்குறது. அதில் அளவு நிற்காது. முழு பாக்கெட்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்தால் இன்னும் ஆபத்து. உப்பு ஏறி குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் போகலாம்.

200 மி.லி. பாக்கெட்டும் கடையில் உண்டு. எது என்று படிச்சுப் பாருங்க. முழு பாக்கெட், அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீர். கொதிக்க வைத்து ஆறிய நீர் நல்லது. சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்காதீங்க. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிடுங்க.

20/
எவ்வளவு கொடுக்கணும்? ஒவ்வொரு முறை பேதி ஆன பிறகும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேல் வேண்டிய மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனா மறுபடி தொடங்குங்க. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. பேதியை நிறுத்துற மாத்திரையைக் குழந்தைக்கு நீங்களா கொடுக்கவே கூடாது.

சுகர் இருக்கிறவங்களும் பேதியின்போது குடிக்கலாம். இதயம், கிட்னி பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. வெயிலுக்குச் சும்மா குடிக்கிற ஜூஸ் இல்லை இது.

21/
எப்போது பயணத்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போகணும்? குழந்தை சோர்ந்து மயங்கினால், கண் குழி விழுந்தால், ஆறு மணி நேரமா சிறுநீர் போகலைன்னா, மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்கவே முடியலைன்னா. "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று வண்டியைத் தட்டாதீங்க. எந்த ஊரிலும் ஒரு அரசு மருத்துவமனை இருக்கும். போகும் வழியிலும் ஸ்பூனை நிறுத்த வேண்டாம்.

22/
திலீப் மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். 2023-ல் அவர் மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் அறிவித்தபோதுதான் நம்மில் பலர் அந்தப் பேரையே கேள்விப்பட்டோம். அந்தப் பொடி காப்பாற்றிய உயிர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில்.

அவர் அன்று குவளையைக் கொடுத்தது குடும்பத்தில் ஒருவர் கையில். உங்க வீட்டில் அது யார் என்று கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. எப்படிக் கலக்கணும் என்பது அவங்களுக்குத் தெரியணும்.

பத்திரமா போய்ட்டு வாங்க.