கண்ணாடியை மறைக்கும் பனிநீர்: ஒரு கருவியின் வரலாறு

குளிர்நாட்டார் தம் தேவைக்கெனக் கண்ட கருவிகள் சில, வெப்பநாட்டுக்கு வந்தபின் பெயரால் பொருள் மயங்கிக் கிடக்கின்றன. மோட்டார் வண்டியின் கண்ணாடியைத் தெளிவிக்கும் 'டிஃப்ராஸ்டர்' அவற்றுள் ஒன்று. உறைபனியை நீக்குவது என்பதே அச்சொல்லின் பொருள். உறைபனியைக் கண்டறியாத மூவாரில் இஃது எதற்கு என்று எண்ணுவோர் பலர். பழுதுற்றால் அப்படியே விட்டுவிடுவோரும் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதை அக்கருவியின் வரலாறே காட்டும்.

கண்ணாடியில் படிவது பெரும்பாலும் உறைபனியன்று, காற்றிலுள்ள நீராவியே. பிரெஞ்சு மருத்துவர் சார்ல் லெ ரோவா 1751ஆம் ஆண்டில் ஈரக்காற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துக் குளிர்வித்து, குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியவுடன் நீர்த்துளி தோன்றுவதைக் கண்டார். அந்நிலையையே இன்று பனிநிலை என்கிறோம். இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814இல் வெளியிட்ட நூலில், திறந்த வெளியிலுள்ள பொருள்கள் இரவில் தம் வெப்பத்தை வானோக்கி இழந்து, சூழ்ந்த காற்றைவிடக் குளிர்வதாலேயே பனித்துளி படிகிறது என நிறுவினார். வெளியே நிறுத்திய கார் காலையில் நனைந்திருக்க, கூரையடியில் நின்ற கார் உலர்ந்திருப்பது இதனாலேயாம்.

நம் நாட்டுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியையே தாங்கும். 30 பாகையில் 30 கிராம் தாங்கும். ஆகவே, ஈரம் மிகுந்த நம் காற்று சிறிது குளிர்ந்தாலும் நீரை உதிர்த்துவிடுகிறது. குளிர்நாட்டில் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. இங்கோ ஏர்கோன் குளிர்ச்சியால் வெளிப்புறத்திலும் படிகிறது. மழையில் நனைந்தோர் ஏறினால் உட்புறத்திலும் படிகிறது. புறம் எதுவென அறிவதே பழுதறிதலின் முதற்படி. வெளிப்புறமாயின் துடைப்பானை இயக்கி, ஏர்கோன் குளிரைச் சற்றே குறைத்தால் போதும்.

அத்துடைப்பானும் ஒரு பெண்மணியின் கொடை. நியூயார்க் நகரில் ஆலங்கட்டி மழையில் டிராம் ஓட்டுநர் படும் இடர்ப்பாட்டைக் கண்ட மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார், உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானுக்கு 1903ஆம் ஆண்டு நவம்பரில் காப்புரிமை பெற்றார்.

உட்புற ஈரத்தை வென்ற கதை வேறு. 1902இல் புரூக்ளின் நகர அச்சகம் ஒன்றில், ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் இடம்மாறி விழுந்தன. அதனைத் தீர்க்க முனைந்த வில்லிஸ் கேரியர், காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரித்தெடுத்தார். ஏர்கோனின் பிறப்பே ஈரம் களைதற்பொருட்டுத்தான்! 1939இல் பேக்கார்டு நிறுவனம் அதைக் காரில் ஏற்றியது. எனவே, நம் நாட்டில் முன்கண்ணாடியைத் தெளிவிப்பது பெரும்பாலும் ஏர்கோனே. வாயு கசிந்து அது செயலற்றாலும், வெளிக்காற்று புகாதபடி உட்காற்றையே சுற்றவிட்டாலும், நீர் வடியும் குழாய் அடைபட்டுக் கால்விரிப்பு நனைந்தாலும், கண்ணாடி மங்கும். இவற்றைப் பாராமல் வேறு பாகங்களை மாற்றுவது வீண்செலவு.

பின்கண்ணாடிக்கோ மின்சாரமே துணை. மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கும் என்னும் விதியை ஜூல் 1841இல் வெளியிட்டார். கண்ணாடியில் இழைத்த மெல்லிய கோடுகள் அவ்விதியின் வழியே இயங்குவன. வெள்ளி கலந்த குழம்பைக் கண்ணாடிமீது சுட்டு அமைத்தவை. இவை யாவும் அணைந்திருந்தால் பியூஸ், ரிலே, சுவிட்சு, பக்கவாட்டில் பற்றவைத்த இணைப்பு ஆகியவற்றை முறையே நோக்க வேண்டும். ஓரிரு கோடுகள் மட்டும் அணைந்திருந்தால், எங்கே பனி கலையாமல் பட்டையாக நிற்கிறதோ அங்கேயே முறிவு உள்ளது. பனியே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் விந்தை இது.

முறிந்த இடத்தை வோல்ட்மீட்டர் காட்டும். அதன் ஒரு முனையைத் தரையிணைப்பில் வைத்து, மற்றொன்றைக் கோட்டின்மேல் நகர்த்தினால், நல்ல கோட்டில் 12 வோல்ட் படிப்படியாகக் குறைந்து நடுவில் 6 ஆகும். முறிந்த கோட்டில் 12 அப்படியே நின்று, முறிவைக் கடந்தவுடன் சுழியாகும். அவ்விடத்தைத் துடைத்து, இருபுறமும் ஒட்டுத்தாள் பதித்து, மின்கடத்தும் வெள்ளிச் சாயத்தைப் பூசி உலர்த்தினால் கோடு உயிர்பெறும். கண்ணாடி முழுவதையும் மாற்ற வேண்டுவதில்லை.

நம்மிடையே கோடுகள் முறிவதற்குப் பெருங்காரணம் வெயில் மறைப்புத் தாள். பழைய தாளைக் கத்தியால் சுரண்டியும் வெடுக்கென உரித்தும் எடுக்கையில் கோடுகளும் உடன்வந்துவிடுகின்றன. குளிர்நாட்டான் வகுத்ததை வெயிலுக்கு அஞ்சி நாமே அழிக்கிறோம். தாளை வெம்மையூட்டி, கோடுகள் செல்லும் திசையிலேயே மெல்ல உரிப்பது நலம்.

1967இல் சுல்தான் இஸ்மாயில் பாலம் திறக்கப்பெற்ற பின், மூவார் ஆற்றைக் கடக்கப் படகை நம்பியிருந்த நிலை மாறி, மலாக்கா பக்கமும் தங்காக் பக்கமும் வண்டிகள் பெருகின. இன்று ஆற்றோரச் சாலையிலும் பால்மரத் தோட்டங்களூடேயும் விடியுமுன்னே பள்ளி வேன்கள் ஓடுகின்றன. மங்கிய கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தபடி ஓட்டும் ஒரு கணத்தில், பின்னே வரும் மோட்டார்சைக்கிளோ முன்னே கடக்கும் சிறுவனோ கண்ணுக்குத் தப்பக்கூடும். பெயர் எதுவாயினும் ஆகுக. 'மூட்டநீக்கி' எனத் தமிழில் வழங்கினால் அதன் தேவையேனும் விளங்கும். பள்ளி வேன் உரிமையாளர்கள் பிரேக்கையும் டயரையும் சோதிக்கும் நாளில் இதனையும் சேர்த்துச் சோதிப்பார்களாக.