ஒட்டகத்துக்கு வலது கண் தெரியாது

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் என் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மந்திரப் பள்ளிக்கூடமும் டிராகனும் வருகிற தடித் தடி நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள். ஜவ்வாது மலையில் நடக்கிற மாதிரி ஒரு ஃபேன்டசி நாவல் எழுதப்போகிறேன் என்று அவளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஹீரோவுக்கு என்ன பவர் மாமா?"

"இன்னும் யோசிக்கல."

"பறக்கிறது, மறையறதெல்லாம் வேணாம், போரடிச்சிடுச்சு. மொக்கையா ஒரு பவர் குடுங்க. எல்லாரும் அவனப் பாத்து சிரிக்கணும். கடைசில அதுதான் வேலைக்கு ஆகணும்."

இப்படி ஒரு கதை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அதைச் சொல்லி முடித்தேன்.

அலகாபுரி ராஜா அலகேசன் கதை. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாலு இளைஞர்கள் வழியில் ஒன்றுசேர்கிறார்கள். எதிரே ஒரு வியாபாரி, ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிவருகிறான். ஒருவன் கேட்கிறான், "அதுக்கு ஒரு கால் நொண்டியா?" அடுத்தவன், "வலது கண் தெரியாதா?" மூன்றாமவன், "வால் கட்டையா?" நாலாமவன், "வயிற்றுவலியா?" எல்லாம் சரிதான் என்கிறான் வியாபாரி. எங்கே பார்த்தீர்கள் என்றால், "நாங்க பார்க்கவே இல்லையே!" வியாபாரி நேராக ராஜாவிடம் போய்த் திருட்டுப் பிராது கொடுக்கிறான். நியாயம்தானே, யார் நம்புவார்கள்?

ராஜா முன்னால் நாலு பேரும் விளக்குகிறார்கள். மண்ணில் மூன்று குளம்புதான் சரியாகப் பதிந்திருந்தது. பாதையின் இடது பக்கத்து இலைகள் மட்டுமே மேயப்பட்டிருந்தன. வழியெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம், அதாவது கடிக்கிற பூச்சியை விரட்ட வால் எட்டவில்லை. முன்னங்கால் தடம் ஆழமாகவும் பின்னங்கால் தடம் பட்டும்படாமலும் இருந்தது. வலியில் பின்பக்கத்தை ஒடுக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. ராஜா வியாபாரிக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு நாலு பேரையும் மந்திரிகளாக வைத்துக்கொள்கிறார்.

அவள் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது பவரே இல்லையே மாமா, சும்மா பாக்கறதுதானே?" என்றாள்.

சும்மா பார்ப்பதுதான். ஆனால் இந்த 'சும்மா' சுற்றிய சுற்று சாதாரணமில்லை. யூதர்களின் தல்மூதில், சிறைபிடித்துக் கொண்டுபோகப்படும் இருவர் முன்னே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு என்று தடத்தை வைத்தே சொல்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லியில் இருந்த அமீர் குஸ்ரோ தன் பாரசீகக் காவியத்தில் அதைச் செரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் மேல் ஏற்றினார். செரந்தீப் என்றால் இலங்கை. 1557இல் வெனிஸில் அது இத்தாலிய மொழியில் அச்சானது. 1754இல் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் அந்த இளவரசர்களை நினைவுபடுத்தி 'செரண்டிபிட்டி' என்ற சொல்லை உருவாக்கினார். ஒட்டகத்தை மட்டும் கோவேறு கழுதை என்று ஞாபகப் பிசகாக எழுதிவைத்தார்! 1889இல் கிளௌஸ்டன் வெளியிட்ட கீழைநாட்டுக் கதைத் தொகுப்பில் நம்முடைய நாலு மந்திரி கதையும், தமிழிலிருந்து போனது என்ற குறிப்போடு, இடம்பிடித்தது.

அதே 1889இல்தான் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதன் கடைசிப் பாட்டு மலைபடுகடாம், 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாவின் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம், ஜவ்வாது மலையின் அடிவாரம். பாட்டில் ஓடுகிற சேயாறு இந்த மலையில் பிறந்துதான் செங்கத்துக்கு இறங்குகிறது. ஆக, நாங்கள் ஏறிக்கொண்டிருந்த மலைக்குப் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பரிசு வாங்கிக்கொண்டு வருகிற ஒரு கூத்தர் கூட்டம், வாங்கப் போகிற இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்கிறது. அதுதான் மொத்தப் பாட்டும். மன்னனின் பெருமை வேண்டிய அளவு உண்டு, அதை வேகமாகத் தாண்டிவிடலாம். நடுவில் வருகிற எச்சரிக்கைகளைப் பாருங்கள். தினையை மேயவரும் பன்றிக்காகப் பாதையில் கல்பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபிறகு போங்கள். பரணில் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். குழிகளில் பாம்பு இருக்கும். பாசி பிடித்த பாறை வழுக்கும். பாதை பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர்கள் வழிதவறாமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள்.

பிறகு ஓசைகள். மலையை மதம்பிடித்த யானையாக்கி, அதில் எழும் ஒலிகளை அந்த மதத்துக்கு ஒப்பிடுவதால்தான் பாட்டுக்கே அந்தப் பெயர். அருவியில் ஆடுகிறவர்களின் ஆரவாரம், முள்ளம்பன்றியிடம் குத்துப்பட்டவர்களின் அழுகை, யானை பழக்குகிறவர்களின் பேச்சு, தினை குற்றுகிற பெண்களின் பாட்டு என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பெண், புலி கிழித்த கணவனின் புண் ஆறுவதற்காகப் பாடிக்கொண்டிருக்கிறாள். அதுவும் இந்த ஓசைகளில் ஒன்று. பெருங்கௌசிகனார் அவள் பக்கத்தில் நிற்பதில்லை, அடுத்த ஓசைக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டக் கொஞ்சம் நேரமாகும்.

இவர்களில் யாரிடமும் மந்திரக்கோல் இல்லை. இந்தக் காதும் கண்ணும் இல்லாவிட்டால் மந்திரக்கோல் வைத்திருப்பவனும் இரண்டாவது வளைவில் பன்றிப்பொறியில் மாட்டுவான்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகும் இரவு. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். கிரகம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் ஒருமுறை மங்கி மீண்டது. குறுக்கே ஏதோ போயிருக்கிறது. புது நிலவாக இருக்குமோ என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்கள். அன்றே விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு இப்படிப் பல மங்கல்களைப் பதிவுசெய்தது. அவை வளையங்கள் என்று தெரிந்தது. தடம் உண்மை, ஒட்டகத்தைத்தான் கொஞ்சம் மாற்றி ஊகித்துவிட்டார்கள். பேரும் புகழும் விமானத்துக்காரர்களுக்கே அதிகம் போனதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

இதையெல்லாம் சொல்லிக் குதூகலமாக நாவலை எழுதத் தொடங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்ட ஒரு கேள்வி அதைக் கெடுத்தது. "அந்த நாலு பேரும் ஒட்டகத்தப் பத்தி வாயே திறக்காம இருந்திருந்தா?"

வால்டேர் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். 1748இல் வந்த 'ஜாதிக்' கதையில், காணாமல்போன ராணியின் நாயையும் ராஜாவின் குதிரையையும் ஜாதிக் பார்க்காமலேயே விவரிக்கிறான். அதற்கு 400 அவுன்ஸ் தங்கம் அபராதம். விளக்கிய பிறகு திருப்பித் தருகிறார்கள், கோர்ட் செலவுக்கு 398 அவுன்ஸ் பிடித்துக்கொண்டு. இனி வாயைத் திறக்கமாட்டேன் என்று முடிவெடுக்கிறான். அடுத்து ஒரு கைதி தப்பி ஓடுகிறான். பார்த்தாயா என்று கேட்டபோது ஜாதிக் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தது நிரூபணமாகிறது. 500 அவுன்ஸ் அபராதம்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ் அப்போது ஜமுனாமரத்தூருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அடுத்து என் மனதில் வந்ததை அவளிடம் சொல்லவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டக்காரர்கள். ஜவ்வாது மலை ஊர்களிலும் பிணம் வந்து இறங்கியது. கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். உடன் வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று உயிர்தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். மரக் கடத்தல் புரோக்கர்கள் இந்த மலைக்கு ஆள் தேடி வந்ததற்குக் காரணம் பெரிய ரகசியமில்லை. மரம் தெரிந்தவர்கள், இருட்டில் காட்டில் நடக்கத் தெரிந்தவர்கள், சாமையையும் தேனையும் விற்று வருகிற காசு போதாதவர்கள். அந்தத் திறமைக்குக் கூலி கொடுக்க வேறு யாரும் மலையேறி வரவில்லை. அலகேசன் மாதிரி உட்கார்ந்து கேட்கவும் யாரும் இல்லை.

நாவலில் என் பையன் தடம் பார்க்கிறவன்தான். ராஜா முன்னால் நிற்கிற அத்தியாயத்தை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். அவன் தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் காவலாளிகள் என்ன செய்வார்கள் என்பது என் கைக்கு வரவில்லை. ஆனாலும் சிரிப்புக் கதையாகத்தான் முடிப்பேன். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் பீமன்மடவு அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். நாலைந்து நீளப் புல்லைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடப்போனவள், பாதியில் நிமிர்ந்து கேட்டாள்:

"மாமா, போகவேண்டிய பக்கம் கட்டணுமா, போகக்கூடாத பக்கமா?"

"இரு, உரையைப் பாத்துச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன். அங்கே சிக்னல் இல்லை.