எனக்கு வேணும்

1544-இல் பிரான்சிஸ் சவேரியார் தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் அவசரக் கடிதங்கள். பொறுமையா இரு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, கள் குடிக்கிறவர்களைக் கண்டி, தோணி அனுப்பு என்ற மாதிரி. அந்த அவசரத்துக்கு நடுவே ஒரு கடிதத்தில் ஒரு சொல்லைத் திருத்தச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, இனி அந்த ‘வேணும்’ இருக்கும் இடத்தில் ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் போடுங்கள் என்கிறார். போர்ச்சுகீசியக் காதுக்குக் கேட்டபடி அவர் அதை எழுதியிருப்பது ‘விச்சுவாம்’ என்பது போல இருக்கும். காரணமும் சொல்கிறார். வேணும் என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம். கடவுளை விரும்புகிறேன் என்பதைவிட விசுவசிக்கிறேன் என்பதுதான் சரி.

அப்படியென்றால் முத்துக்குளித்துறைக் கரையில் ஒன்றரை வருஷமாவது, கடற்கரை மணலில் உட்கார்ந்து, ஒரு கூட்டமே கடவுளைப் பார்த்து எனக்கு வேணும் என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறது. இதை முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதத்தைத் தேடிப் போனதற்கு ஒரு கேள்விதான் காரணம். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. தினமும் விடியற்காலை வேதாகமத்தைப் பென்சிலோடு வாசிப்பவர். ஓரத்தில் தேதி போட்டுக் குறிப்பு எழுதுவார். ஒருநாள் காப்பி குடிக்கும்போது கேட்டார்: “தப்பா நினைக்காதீங்க, உங்க கடற்கரை ஆட்கள் நானூறு வருஷமா பைபிளே வாசிக்காம எப்படி விசுவாசத்துல வளர்ந்தாங்க?” அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. என் அம்மாவின் ஊர் கீழவைப்பார். தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் கலக்கிற இடம். பரதவர்களின் ஏழு கடற்றுறைகளில் வைப்பாரும் ஒன்று. வடக்கே அடுத்தது வேம்பார். அந்த ஊர் வீடுகளில் நான் சின்ன வயதில் பார்த்தது மாதா படம், செபமாலை, ஒரு பழைய செபப் புத்தகம். பைபிள் பார்த்த ஞாபகம் இல்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மந்திரங்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். நாங்கள் செபத்தை மந்திரம் என்றுதான் சொல்வோம்: பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம். கோயில் என்றால் மாதா கோயில்.

சரி, என்னதான் நடந்தது?

பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றது 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில். முத்துச் சிலாபத்தின் மேல் யாருக்கு உரிமை என்ற சண்டையில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்புத் தேவைப்பட்டது; பிரதிநிதிகள் கொச்சிக்குப் போனார்கள்; ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றப்பட்டது. இதைப் பக்திக் கதையாக்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. பிழைப்புக்காக எடுத்த முடிவு அது. அதன்பின் சில வருஷம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542 அக்டோபரில் சவேரியார் வந்து பார்த்துவிட்டு ரோமுக்கு எழுதியது: இவர்களிடம் என்ன கேட்டாலும் நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுகீசியமும் அறிந்த ஆட்களை வைத்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் ஆகியவற்றைப் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். கிளம்பும்போது ஊருக்கு ஒரு பிரதி எழுதிவைத்து, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளவும், எல்லோரும் தினமும் சொல்லவும் ஏற்பாடு செய்தார். அதைக் கவனிக்கக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அறிவு வீட்டுக்குள் வந்தது பிள்ளைகள் வழியாக. இன்றைக்கு அம்மாவுக்கு வாட்ஸப் சொல்லிக்கொடுக்கும் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் அந்த ‘வேணும்’ வருகிறது. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகிய விஷயம்: ஒரு சொல் தவறாக எழுதப்பட்டு, எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்து, பிறகு ஒவ்வொரு இடத்திலும் திருத்த வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் திருத்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மந்திரம் சொன்னால் போதும் என்று சவேரியார் நினைத்திருந்தால், எந்தச் சொல்லாக இருந்தால் என்ன? யாரோ உட்கார்ந்து, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர், அல்லது அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர், தமிழ் தெரிந்த ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் பெயர் கடிதத்தில் இல்லை. எங்கள் கரையில் வேதத்தைத் தியானித்த முதல் ஆள் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

அடுத்து வந்தவர் அண்டிரிக் அடிகளார். முழுப்பெயர் என்ரிக்கே என்ரிக்கஸ். போர்ச்சுகலில் யூத வம்சத்தில் பிறந்தவர்; அந்தக் காரணத்துக்காகவே ஒரு துறவு சபையிலிருந்து வெளியேற வேண்டி வந்து, பின் இயேசு சபைக்கு வந்தவர். 1547-இல் இந்தக் கரைக்கு வந்து 1600-இல் சாகும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே இருந்தார். தமிழ் கற்றார், ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது, 16 பக்கம். மறுவருஷம் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, ஆசிரியரும் மாணவரும் கேள்வி பதிலாகப் பேசும் ஞானோபதேசம். 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’. 1586-இல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’, 669 பக்கம். அச்சு வேலைக்கென்று பரதவர்கள் 400 குருசாடோ திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலில் கல் கட்டி, அடியில் போய்ச் சிப்பி பொறுக்கிய காசு அது. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ் என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள், அதற்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் ஒருவரி சேர்த்துச் சொல்லலாம்.

என் நண்பரின் கேள்விக்கு நேரான பதில் ‘கொம்பெசியொனாயரு’வில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவனுக்கான கையேடு. கட்டளை கட்டளையாகப் போய், இதில் நீ எங்கே தவறினாய் என்று கேட்கும் வகை நூல். எங்கள் பக்கம் இதற்கு ஆத்தும சோதனை என்று பெயர். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைத் திருப்பிப் பார்ப்பது. பாட்டி இதைச் செய்து பார்த்திருக்கிறேன். உதடு அசையும், விரல் மடங்கும், சில நாள் நடுவில் நின்றுவிடும். நண்பர் விடியற்காலையில் பென்சிலோடு செய்வதை அவள் இரவில் விரலோடு செய்தாள். வாசிக்கத் தெரியாதவர்களிடமும் உள்ளே பார்க்கிற பழக்கம் இருந்தது, அதற்கு ஒரு நூல்வழி வந்த முறையும் இருந்தது.

ஆனால் இத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது. அண்டிரிக் அடிகளார் ஏன் நற்செய்தி நூலை அப்படியே பெயர்த்து அச்சிடவில்லை? தெரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின், 1564-இல் வந்த விதிப்படி, ஒரு சாதாரண ஆள் தாய்மொழியில் பைபிள் வாசிக்க ஆயரிடமோ விசாரணையாளரிடமோ எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். ஐரோப்பாவில் லுத்தருக்குப் போட்ட பூட்டு, லுத்தர் பெயரையே கேள்விப்படாத வைப்பார்க் கடற்கரையிலும் விழுந்தது. புனிதர்களின் கதை கிடைத்தது, ஞானோபதேசம் கிடைத்தது. அவர்கள் வாசித்த புத்தகம் கிடைக்கவில்லை.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கையில் புத்தகத்தோடு வந்தவர்கள் அவர்கள்தான். பல்தேயுஸ் என்ற போதகர் பரதவர்களிடம் சீர்திருத்த சபையின் போதனையைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கோயில்களைப் பறித்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினால் யார் வாங்குவார்? நம் வரலாற்றாசிரியர்கள் இதைப் பரதவர்களின் பிடிவாதம் என்றோ, உறுதி என்றோ எழுதுவார்கள். எனக்கு அது நியாயமான கோபமாகத்தான் தெரிகிறது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் அச்சானது. அதன் தமிழை வீரமாமுனிவர் கிழித்துத் தொங்கவிட்டார். தமிழைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய தமிழ்க் கை, அதைவிட நல்ல ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்துப் பதில் சொல்லவில்லையே என்பது என் ஆதங்கம். அந்தப் புத்தகம் பிறகு தெற்கே வந்து, தேரிக்காட்டு ஊர்களுக்குள் நுழைந்தது. 1799-இல் முதலூர் உருவானது. அடுத்த தலைமுறையில் பள்ளிக்கூடங்கள், பெண்பிள்ளைகளுக்கும் எழுத்து. கடலிலிருந்து சில மைல் உள்ளே பையில் வேதாகமம், கரையில் கழுத்தில் செபமாலை. என் நண்பரின் கொள்ளுத்தாத்தாவும் என் கொள்ளுத்தாத்தாவும் ஒரே சந்தையில் கருவாடும் கருப்பட்டியும் மாற்றியிருப்பார்கள். இந்த விஷயத்தை மட்டும் பேசியிருக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 669 பக்கத் தமிழ் உரைநடை நூல் ஒன்று புன்னைக்காயலில் அச்சாகி, அந்தக் கரையிலேயே மறக்கப்பட்டது. 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் இருந்த இந்த ஆரம்பகால நூல்களைப் பற்றி எழுதினார். வத்திக்கான் பிரதியைக் கொண்டு 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் ‘அடியார் வரலாறு’ நூலைத் தூத்துக்குடியில் மறுபடி வெளிக்கொண்டு வந்தார். நடுவில் 381 வருஷம். காசு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு புத்தகம் இருந்ததே தெரியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, எல்லா விசுவாசிகளும் மறைநூலை வாசிக்க வேண்டும் என்றது. நானூறு வருஷப் பூட்டு ஒரு வாக்கியத்தில் திறந்தது மாதிரி. கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள் அதற்கு முன்பும் இருந்தன, ஆனால் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து உட்கார்ந்தது 1995-இல் திண்டிவனம் நடுநிலையம் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். பாட்டிக்கு அதைக் காட்டியபோது வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். எடுத்து வாசிக்கச் சொன்னது அம்மாதான்.

நான் அதையும் நண்பரின் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். கொரிந்தியர் முதல் கடிதம் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் மூன்று பெரிய சொற்கள் வரும். அவருடைய புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. என்னுடையதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரே சொல், அவருக்கு இரண்டாவது இடத்தில், எனக்கு முதலிடத்தில். சவேரியார் திருத்திய சொல்லை 450 வருஷம் கழித்து எங்கள் ஆட்களே மறுபடி திருத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நாங்கள் நம்புகிறேன் என்போம். பின்வரிசைக் கிழவிகள் சிலர் முணுமுணுப்பாக விசுவசிக்கிறேன் என்றே சொல்வார்கள்.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு அப்பா வருகிறார். பையனுக்கு வலிப்பு. நம்பினால் எல்லாம் ஆகும் என்கிறார் இயேசு. அந்த மனுஷன் ஒரே மூச்சில் நம்புகிறேன் என்றும், என் நம்பாமைக்கு உதவி செய்யும் என்றும் கத்துகிறார். பல நாள் இந்த இடத்திலேயே நின்றிருக்கிறேன். அவருக்கு நம்பிக்கை முழுசாக இல்லை, வேணும். சவேரியார் அழித்த சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இறையியல்படி அவர் திருத்தம் சரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் 1543-இல் வடுகர் படைக்கும் சுறாவுக்கும் நடுவில் வாழ்ந்த ஒரு பரத்தியம்மா, கடவுளே எனக்கு வேணும் என்று சொன்னபோது அதில் பொய் ஏதும் இருந்திருக்காது.

இப்போது ஊரில் அன்பியக் கூட்டம் நடக்கிறது. பத்து முப்பது குடும்பம் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில், ஒரு பகுதியை வாசித்து ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். போன லீவில் நான் போனபோது மத்தேயு 13, முத்து வணிகன் உவமை. விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வணிகன் உள்ளதையெல்லாம் விற்று அதை வாங்குகிறான். வழக்கமான விளக்கம் வந்தது: முத்து விண்ணரசு, அதற்காக எல்லாவற்றையும் விட வேண்டும். சின்ன வயதில் சங்கு குளிக்கப் போன ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் கடைசி முத்துச் சிலாபம் நடந்தது 1961-இல். அதைத் தோணியிலிருந்து பார்த்தவர். அவர் கேட்டார்:

“வாங்குனவன் கத சரி. அத அடில போயி எடுத்தவனுக்கு என்ன கெடச்சுது தம்பி?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு அக்கா, வணிகன் இவ்வளவு கொடுத்திருக்கான்னா எடுத்தவனுக்கும் கொஞ்சம் வந்திருக்கும் மாமா என்றாள். அவர் கையை விரித்துக் காட்டினார். சிப்பியைக் குவியலாக ஏலம் விடுவார்கள், உள்ளே முத்து இருக்கிறதா என்று குளித்தவனுக்குத் தெரியாது, தன் பங்குச் சிப்பியை அவனும் அன்றைக்கே விற்றுவிடுவான் என்று விளக்க ஆரம்பித்தார். அப்படிப் பார்த்தால் அந்த முத்தைத் தொட்டவனுக்கே அது முத்தென்று தெரிந்திருக்காது. உபதேசியார் மணியைப் பார்த்தார். வாசகத்தை இன்னொரு முறை மெதுவா வாசிங்க என்று பெரியவர் சொல்ல, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி புத்தகத்தை வாங்கி மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.