சுரைக்கொடியும் முத்துக்கொட்டைச் செடியும்

கி.பி. 403-ல் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின், பெத்லகேமில் இருந்த ஜெரோமுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு செடியின் பெயரால் வந்த தகராறு ஒன்றை அதில் சொல்கிறார். ஓயா என்ற ஊரில் (இன்றைய லிபியாவின் திரிப்போலி) ஆயர் ஒருவர், ஜெரோமின் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து யோனா நூலை வாசிக்க வைத்திருக்கிறார். நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கும் யோனாவுக்கு நிழல் தர, கடவுள் ஒரு செடியை முளைக்க வைக்கும் இடம். தலைமுறை தலைமுறையாக ‘சுரை’ என்று கேட்டு வந்தவர்களின் காதில் அன்று வேறு சொல் விழுந்தது. கோவிலில் பெரிய கூச்சல். ஆயர் உள்ளூர் யூதர்களிடம் போய்க் கேட்டார். பழைய சொல்தான் சரி, எபிரேயத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தெரியாமல் சொன்னார்களா, வேண்டுமென்றே சொன்னார்களா என்பதை அகஸ்டின் முடிவு செய்யவில்லை. சபையே கலைந்துவிடும் நிலை வரவே, ஆயர் சொல்லை மாற்றிக்கொண்டார்.

இதைப் படித்தபோது விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் ஆயாதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் வீட்டில் இருக்கும் ‘திருவிவிலியம்’ 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்தது. அதை வெளியிட்ட தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கும் ஊர் திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆதியாகமம் அதில் தொடக்கநூல் ஆயிற்று, சுவிசேஷம் நற்செய்தி ஆயிற்று. பூசையிலும் செபத்திலும் இந்த மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம் சர்வேசுரன் போய்க் கடவுள் வந்தார், இஸ்பிரீத்து சாந்து போய்த் தூய ஆவி வந்தது, பிரியதத்தம் அருள் ஆனது.

ஆயா மாறவில்லை. செபமாலையைக் கடைசிவரை பழைய சொற்களிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கற்ற புதுச்சொற்களை வைத்து நான் ஒருநாள் திருத்தப் போனேன். “அவரு பேரையே மாத்திப்புட்டா, நான் கூப்புட்டா அவருக்கு எப்புட்றா கேக்கும்?” என்றது.

ஜெரோமின் பக்கம் என்ன? 382 வாக்கில் போப் தமாசுஸ் சொல்லித்தான் அவர் பழைய லத்தீன் நற்செய்திகளைத் திருத்த ஆரம்பித்தார். ஊருக்கு ஒரு பாடமாகப் பிரதிகள் சிதறிக் கிடந்த காலம். பழைய ஏற்பாட்டுக்கு லத்தீன் சபைகள் நம்பியது, எழுபது பேர் செய்ததாகச் சொல்லப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பை. அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தானே, மூலமான எபிரேயத்துக்கே போவோம் என்றார் ஜெரோம். இவருக்கு முன்பே ஒரிஜென் மூன்றாம் நூற்றாண்டில் எபிரேயத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். கிரேக்கத்தில் கூடுதலாக இருப்பதற்கு ஒரு குறி, எபிரேயத்தில் மட்டும் இருப்பதற்கு இன்னொரு குறி. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே அன்றாட வேலையாகிவிட்ட என் போன்றவர்களுக்கு ஒரிஜென் மூத்த சக ஊழியர் மாதிரி.

எபிரேயத்தில் அந்தச் செடியின் பெயர் கிகாயோன். அதைப் பற்றி ஜெரோம் தன் யோனா உரையில் விளக்குகிறார். திராட்சை போல அகன்ற இலை, அடர்ந்த நிழல், கொம்பு நடாமல் சொந்தத் தண்டில் நிற்கும், சில நாளில் மரம் போல் ஆகிவிடும். லத்தீனில் இதற்குப் பெயரில்லை என்கிறார். எபிரேயச் சொல்லையே போட்டால் யாருக்கும் புரியாது. சுரை என்று போட்டால் மூலத்தில் இல்லாததைச் சொன்னதாகும். எனவே அக்விலா போன்ற முந்தைய மொழிபெயர்ப்பாளர்களைப் பின்பற்றி ‘ஐவி’ என்ற படர்கொடியின் பெயரைப் போட்டார். அது சரியான சொல் இல்லை என்று அவருக்கே தெரியும்.

நம் ஊர்க்காரர் யாரிடமாவது அவர் கேட்டிருக்கலாம்! மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் நிற்கும் முத்துக்கொட்டைச் செடிதான் அது. புத்தகத் தமிழில் ஆமணக்கு. ஹென்றி பவர் தலைமையில் செய்யப்பட்டு 1871-ல் வந்த தமிழ்ப் பைபிளிலும் ஆமணக்கு, திருவிவிலியத்திலும் ஆமணக்கு. அதே திண்டிவனத்தில்தான் நிலக்கடலைக்கும் ஆமணக்குக்கும் ரகம் கண்டுபிடிக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஜெரோமுக்கு எட்டாத சொல் எங்கள் பக்கம் வரப்பில் வளர்கிறது.

ஆனால் சரியான சொல் கிடைத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா? அகஸ்டினைப் பழமைவாதி என்று தள்ளிவிட முடியாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. லத்தீன் பாடத்தில் சந்தேகம் வந்தால் கிரேக்கப் பிரதியை எடுத்துச் சரிபார்க்க ஆளுண்டு. எபிரேயத்தை யார் சரிபார்ப்பது? உங்கள் ஒருவர் பேச்சை மட்டும் நம்பிச் சபைகள் எல்லாம் காதுக்குப் பழகிய சொல்லை விட வேண்டுமா? கிரேக்கச் சபைகளும் லத்தீன் சபைகளும் இதனால் பிரிந்துவிட்டால்? ஒரு சொல்லின் பின்னால் அதைச் சேர்ந்து சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்பது அவர் கவலை. ஆயா கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

தமிழில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவருடைய தமிழைப் பெஸ்கி கேலி செய்தார். பின்னர் வேப்பேரியில் பல்லாண்டு உழைத்து ஃபப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு லுத்தரன் சபைகளின் நாவில் ஊறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் உழைத்து 1850-ல் வந்த பைபிளைச் சென்னைப் பக்கத்து மிஷன்கள் ஏற்கவில்லை. நாவலரின் தமிழுக்கே அந்த கதி. பவருடைய பைபிள் வந்தபோதும் லுத்தரன்கள் ஃபப்ரிசியஸை விடவில்லை. இன்று அதே பவர் பைபிள்தான் புராட்டஸ்டண்டு வீடுகளில் ‘பழைய’, மாற்றக்கூடாத பைபிள். 1995-ன் பொது மொழிபெயர்ப்பு பெரும்பாலும் கத்தோலிக்கர் கையோடு நின்றுவிட்டது. ஜெரோமுக்கும் இதுதான் நடந்தது. ஓயாவில் கூச்சல் கிளப்பிய லத்தீனை 1546-ல் திரெந்து சங்கம் அதிகாரபூர்வமான பாடம் என்று அறிவித்தது.

புதுச்சொல் ஒருநாள் பழகிவிடும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சபைக்கு அது பொருந்தும், சபைக்கு நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஆயாவுக்கு இருந்தது ஒரே ஆயுசு. எழுபது வயதில் கடவுளின் பெயரை மாற்றிக் கற்றுக்கொள் என்பது சின்ன விஷயமில்லை. அருள் நல்ல தமிழ், பிரியதத்தம் அன்னியம் என்று எனக்குத் தெரியும். இப்போதும் எனக்குத் திருவிவிலியத்தின் தமிழ்தான் பிடிக்கும். ஆனால் ஆயா வாயில் அது அன்னியமாக ஒலித்ததே இல்லை.

அடக்கத்தின்போது சாமியார் புதிய தமிழில் செபம் சொன்னார். பின்வரிசையிலிருந்த இரண்டு மூன்று பாட்டிகள் அதன் கீழேயே மெதுவாகச் சர்வேசுரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியாருக்குக் கேட்டது. அவர்கள் முடிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அப்புறம் தொடர்ந்தார்.