மூன்று முறை பிறந்த கல்

ஜிப்சம் என்று நினைத்துக் கையில் எடுத்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். நிறம் கிடையாது, மெல்லிய தட்டு, ஒளி தாராளமாக ஊடுருவும். பார்வைக்கு ஜிப்சம் படிகமேதான். ஆனால் ஜிப்சத்தின் அடர்த்தி 2.3; இதற்கு ஏறத்தாழ 6. மினுக்கமும் வேறு. ஒளிவிலகல் எண் 1.9-ஐத் தாண்டுவதால் வைரத்தின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மோஸ் அளவுகோலில் கடினம் சுமார் 2.5தான், செப்புக் காசு கொண்டே கீறிவிடலாம். இந்தக் கனிமத்தின் பெயர் ஷுல்டெனைட்.

கனத்துக்குக் காரணம் காரீயம். 100 கிராம் எடுத்துக்கொண்டால் சுமார் 60 கிராம் அதுதான். இன்னும் 22 கிராம் ஆர்செனிக். தாளகத்திலும் மனோசிலையிலும் இருக்கும் அதே ஆர்செனிக். மிச்சம் ஆக்சிஜனும் துளி ஹைட்ரஜனும். ஒரு காரீய அணு, ஒரு ஆர்செனிக் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், நடுவே ஒரு ஹைட்ரஜன். அமில காரீய ஆர்சினேட் என்பது இதன் வேதிப்பெயர்.

இந்தச் சேர்மம் மனிதர் கண்ணில் மூன்று முறை பட்டது: முதலில் தோட்டத்து மருந்துத் தொட்டியில், பிறகு ஆய்வகக் குடுவையில், கடைசியாக மண்ணுக்கடியில். பிறந்த வரிசை வேறு. மூவரில் மூத்தது மண்ணில் கிடந்த கல். பெயர் கிடைத்ததோ அதற்குத்தான் கடைசியில்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். 1860-களின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டில் எத்தியென் த்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் வசித்தார். ஓவியர், வானியலில் நாட்டமுள்ளவர், கூடவே பட்டு தரும் பூச்சிகளை வளர்த்துப் பார்க்கும் ஆசை கொண்டவர். ஐரோப்பாவிலிருந்து அவர் கொண்டுவந்த ஜிப்சி அந்துப்பூச்சிகளில் சில தப்பிப் பறந்தன. இருபது ஆண்டுகளில் அவற்றின் கம்பளிப்புழுக்கள் ஊர் மரங்களை மொட்டையடித்தன. மாநில அரசு அவற்றை ஒழிக்கத் தனிக் குழு அமைத்தது.

அப்போது கைவசம் இருந்த மருந்து பாரிஸ் பச்சை, செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த தூள். அதன் ஆர்செனிக்கில் ஒரு பங்கு நீரில் கரையும். கரைந்தது இலைக்குள் புகுந்து இலையையே கருக்கிவிடும். 1892-இல் அந்தக் குழுவுக்காக வேலை செய்த மோல்டன் என்ற வேதியியலாளர் காரீய ஆர்சினேட்டைச் சோதித்துப் பார்த்தார். காரீய உப்புக் கரைசலையும் சோடியம் ஆர்சினேட் கரைசலையும் ஒன்றாக ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு அடியில் தங்கும், அவ்வளவுதான். நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் இலை கருகவில்லை. இலையில் நன்றாக ஒட்டிக்கொண்டதால் மழையும் எளிதில் கழுவவில்லை. இலையைத் தின்ற புழுவின் வயிற்றில்தான் அது வேலையைக் காட்டியது.

கரையாத குணமே அதற்கு வாழ்வு கொடுத்தது. ஜிப்சி அந்துப்பூச்சிக்காக வந்த மருந்தை ஆப்பிள் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிளைக் குடையும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழுக்களில் பல, காயின் அடியில் பூவிதழ் இருந்த குழி வழியாக உள்ளே நுழையும். பூவிதழ் உதிர்ந்ததும் அந்தக் குழி மூடுவதற்குள் மருந்து அடித்துவிட்டால், புழு எடுக்கும் முதல் கடியே நஞ்சாகும். சில பத்தாண்டுகளுக்கு அமெரிக்கத் தோட்டங்களில் இதற்கு நிகரான பூச்சிமருந்து இல்லை. குழம்பாகவும் தூளாகவும் டன் கணக்கில் விற்றது.

இரண்டாம் பிறப்பு 1904-இல், ஹெல்சின்கியில். பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஆகஸ்ட் பெஞ்சமின் அஃப் ஷுல்டேன் கனிமங்களைச் செயற்கையாக உருவாக்கிப் பார்ப்பதில் கைதேர்ந்தவர். தோட்டத்தில் அடிப்பது வெறும் தூள். அவருக்கு வேண்டியது அளந்து பார்க்கத் தகுந்த முகங்கள் கொண்ட படிகம். அதைக் குடுவையில் வளர்த்தெடுத்தார். இயற்கையில் இப்படி ஒன்று உண்டு என்று அன்றைக்கு எந்தக் கனிமப் பட்டியலும் சொல்லவில்லை. 1912-இல் அவர் இறந்தபோதும் சொல்லவில்லை.

மூத்த பிறப்பு நடந்த இடம் ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவின் வடக்கே இருக்கும் சுமெப். அங்கே டோலமைட் பாறையைத் துளைத்துக்கொண்டு குழாய் போலக் கீழே இறங்குகிறது ஒரு தாதுத்தூண். அதில் கந்தகத்தோடு சேர்ந்த காரீயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்கள். ஆர்செனிக் நிறைந்த டெனன்டைட்டும் தாராளம். மழைநீர் விரிசல்கள் வழியே ஊறி இறங்கி இந்தத் தாதுக்களை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைத்தது. பெரும்பாலான சுரங்கங்களில் இப்படிச் சிதைந்த பகுதி மேற்பரப்பை ஒட்டியே முடிந்துவிடும். சுமெப்பில் நீர் பாதை கண்டுபிடித்து ஆழத்திலும் இறங்கியதால், அடியில் மீண்டும் மீண்டும் அத்தகைய மண்டலங்கள் தட்டுப்பட்டன. 300-க்கு மேற்பட்ட கனிம வகைகள் ஒரே சுரங்கத்தில் கிடைத்ததற்கு இது பெரிய காரணம்.

உள்ளூர் மக்கள் பல காலமாக அறிந்திருந்த பச்சைக் குன்று அது. 1893 ஜனவரியில் லண்டன் கம்பெனி ஒன்றுக்காக மேத்யூ ரோஜர்ஸ் அங்கே வந்து பார்த்தார். 1900-இல் ஒட்டாவி சுரங்க, ரயில்வே நிறுவனம் உருவானது. கடற்கரையிலிருந்து சுமெப்புக்கு இருப்புப்பாதை போடத் தொடங்கிய நேரத்தில், 1904 ஜனவரியில் ஹெரேரோ மக்கள் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அவர்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. பிடிபட்ட ஹெரேரோ கைதிகளின் உழைப்பும் அந்தப் பாதையில் சேர்ந்தது. 1906-இல் ரயில் சுமெப்பை எட்டியது. ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களை நிறைத்த சுமெப் படிகங்கள் வந்த வழி அது. ஹெல்சின்கியில் குடுவைப் படிகம் வளர்ந்த ஆண்டும் கிளர்ச்சி வெடித்த ஆண்டும் ஒன்றே.

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமத் துறையில் லியோனார்ட் ஜேம்ஸ் ஸ்பென்சர் சுமெப் மாதிரிகளை ஆராய்ந்தார். பேல்டொனைட் என்ற பச்சைக் கனிமத்தோடு நிறமற்ற தட்டுகள் கலந்திருந்தன. எட்கர் மவுன்டன் வேதிப் பகுப்பாய்வு செய்தார். விடை: அமில காரீய ஆர்சினேட். படிகமும் ஷுல்டேன் வளர்த்ததோடு ஒத்துப்போனது. 1926-இல் ஸ்பென்சர் அதைப் புதிய கனிமமாக அறிவித்து, மறைந்த பேராசிரியரின் பெயரைச் சூட்டினார். செயற்கையாகச் செய்தவரின் பெயர் இயற்கைப் பொருளுக்குப் போனது.

இங்கே வகைப்பாட்டின் முதல் விதி தலைகாட்டுகிறது. கனிமம் என்றால் இயற்கையில் உருவானதாக இருக்க வேண்டும். ஆப்பிள் மரத்தில் அடித்த தூளில் அணுக்கள் அதே ஒழுங்கில் அடுக்கியிருந்தாலும் அது ஷுல்டெனைட் ஆகாது. பெயர் பொருளுக்கு மட்டுமல்ல, பிறந்த இடத்துக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த விதி குடும்பம். கனிமங்களை வகுப்புகளாகப் பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் முறையில் இது எட்டாம் வகுப்பு: பாஸ்பேட், ஆர்சினேட், வனடேட் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. பாஸ்பரஸ், ஆர்செனிக், வனேடியம் மூன்றுமே நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட ஒரே அளவு இடம் பிடித்து உட்காரும். ஒன்று எழுந்தால் இன்னொன்று அதே நாற்காலியில் அமரலாம். அந்த வகுப்புக்குள் ஷுல்டெனைட்டின் கிளையில் தண்ணீர் மூலக்கூறு இல்லை, குளோரின் போன்ற கூடுதல் அயனியும் இல்லை, உலோகம் என்று பார்த்தால் பெரிய அயனியான காரீயம் மட்டுமே.

படிகத் தொகுதி ஒற்றைச்சரிவு. ஆர்சினேட் கட்டங்களை ஹைட்ரஜன் பாலங்கள் சங்கிலியாகக் கோக்கின்றன. பாலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் இரு பக்க ஆக்சிஜன்களில் ஏதோ ஒன்றை நெருங்கி நிற்கும். சூடு குறைந்தால் எல்லா ஹைட்ரஜனும் ஒரே பக்கம் சாய்ந்து படிகத்துக்கு மின்முனைவு வருகிறது. சூடு ஏறினால் ஒழுங்கு கலைகிறது. இதே அமைப்பில் ஆர்செனிக்குக்குப் பதில் பாஸ்பரஸ் கொண்ட சகோதரச் சேர்மத்தில் அந்த மாற்றம் சுமார் 37 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. மனித உடலின் சூடு. 1970-களிலிருந்து இயற்பியலாளர்கள் இந்த ஜோடியை விரும்பி ஆராய்ந்தது இந்த மின்முனைவு மாற்றத்துக்காகத்தான்.

டன் கணக்கில் செய்ய முடிந்த பொருள் மண்ணில் ஏன் இவ்வளவு அரிது? குளோரைடு காரணம். நிலத்தடி நீரில் உப்பு ஏதோ ஓரளவு இருந்தே தீரும். காரீயம், ஆர்சினேட், குளோரைடு மூன்றும் சந்தித்தால் மிமெடைட் பிறக்கிறது. அது ஷுல்டெனைட்டைவிட இன்னும் குறைவாகக் கரையும் என்பதால் போட்டியில் வென்றுவிடும். நீர் அமிலமாக இருந்து, குளோரைடும் சொற்பமாக இருந்தால்தான் ஷுல்டெனைட் நிலைக்கும். அப்படிப்பட்ட மூலைகள் பூமியில் குறைவு. சுமெப் சுரங்கமும் 1996-இல் மூடிவிட்டது.

கல்லுக்குப் பெயர் கிடைத்த அதே காலத்தில் லண்டனில் அதன் தோட்டத்து இரட்டைப் பிறவிக்குக் கெட்ட பெயர் கிடைத்தது. அமெரிக்க ஆப்பிள்களின் தோலில் ஆர்செனிக் எச்சம் இருப்பதாக 1925, 1926-இல் பிரிட்டனில் குரல் எழுந்தது. ஒரு பவுண்டு உணவில் 0.01 கிரெயின், அதாவது பத்து லட்சத்தில் சுமார் 1.4 பங்கு, என்ற வரம்புக்குள் வராவிட்டால் ஏற்றுமதி இல்லை. மழைக்கு அசையாததைத் தண்ணீர் மட்டும் என்ன செய்யும்? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆப்பிள்களைக் குளிப்பாட்டினார்கள். கொண்டாடிய குணமே பாரமானது. இதற்கிடையில் கொலராடோவின் காட்லிங் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட, இன்னும் அதிகம் அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி.டி.டி. வந்தது, காரீய ஆர்சினேட் படிப்படியாக விலகியது. அமெரிக்காவில் சட்டப்படி தடை வந்தது 1988-இல்தான். ஆனால் அடித்தது எங்கும் போகவில்லை. பழைய தோட்டங்களின் மேல்மண்ணிலேயே காரீயம் பெரும்பாலும் நிற்கிறது. அந்த நிலங்களில் சில இன்று வீட்டு மனைகள்.

அங்கேதான் எட்டாம் வகுப்பு மீண்டும் வேலைக்கு வருகிறது. தோட்டம் போட நினைப்பவர் மண்ணுக்குப் பாஸ்பேட் உரம் இடுகிறார். பாஸ்பரஸ் வந்து ஆர்செனிக்கின் நாற்காலியைக் கேட்கிறது. காரீயத்தோடு பாஸ்பேட் சேர்ந்தால் பைரோமார்ஃபைட் போன்ற, எளிதில் கரையாத சேர்மம். காரீயம் இன்னும் இறுகிப்போகும், நல்லதுதான். ஆனால் இடம் இழந்த ஆர்சினேட் மண்நீரில் இறங்கி, கீழ்நோக்கியோ வேர் வழியாகவோ நகரத் தொடங்குகிறது. ஒரு நஞ்சைக் கட்டிப்போட்டால் மற்றொன்று அவிழ்ந்துகொள்கிறது.

சுமெப்பில் அணுக்களின் இடமாற்றத்தை ஊறி இறங்கிய மழைநீர் நடத்தியது; தோட்டத்தில் அதை நடத்துவது உரமூட்டை. அருங்காட்சியகப் பேழைக்குள் இருக்கும் தட்டுப் படிகத்தை மட்டும் எந்தத் தண்ணீரும் தொடுவதில்லை. அதன் பயணம் முடிந்துவிட்டது. அதன் தம்பி ஆப்பிள் மரத்தடியில், ஒவ்வொரு மழைக்கும், இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.